ஆப்லொவா, அப்லோவா?

கேள்வி: சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன், ஸ்பானிஷ் படிக்கிறேன். 'பேசுகிறேன்', 'அவர் பேசினார்' இரண்டையும் நோட்டில் 'ஆப்லோ' என்றே எழுதி வைத்திருக்கிறேன். அழுத்தம் எந்த இடத்தில்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: குழப்பம் நோட்டில்தான். ஸ்பானிஷில் ஐந்தே உயிர். குறில், நெடிலால் பொருள் மாறாது, அழுத்தத்தால் மாறும். அழுத்தம் விழும் உயிர் சற்று நீளும் என்பதால், அதை மட்டும் நெடிலாக எழுதுங்கள். ஆப்லொ, பேசுகிறேன். அப்லோ, பேசினார்.

அசை பிரிக்கும்போது பள்ளியில் படித்த நேர், நிரையை மறந்துவிடுங்கள். நாம் ஆப்/லொ என்று அலகிடுவோம், அவர்களுக்கு ஆ-ப்லொ. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் என்றால் அது பின் அசைக்குப் போகும். இரண்டு மெய் என்றால் ஆளுக்கொன்று: கன்-தார் (பாட). ஆனால் ப, க, ஃப ஒலிகளோடு ல, ர சேர்ந்தாலும், த ஒலியோடு ர சேர்ந்தாலும் பிரிக்கக் கூடாது: அ-ப்ரீர் (திறக்க), என்-த்ரார் (நுழைய).

பிறகு கடைசியிலிருந்து எண்ணுங்கள். உயிரிலோ ன், ஸ் ஒலியிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை. மற்றபடி கடைசி அசை. அகராதியில் வினைகள் ர்-இல் முடிவதால் அ-ப்லார். ஆ-ப்லஸ் (பேசுகிறாய்), ஆ-ப்லன் (பேசுகிறார்கள்) என்று விகுதி ஏறினாலும் அழுத்தம் நகராது. உயிரின் மேல் சாய்கோடு இருந்தால் எண்ணவே வேண்டாம், அழுத்தம் அங்கேதான்: அ-ப்லா-ப-மொஸ் (பேசிக்கொண்டிருந்தோம்).

கோக்கர்ஸ் வாக் வாசலில் 'காத்திருக்கிறேன்' என்று சொல்ல எஸ்-பே-ரொ. எஸ்-பெ-ரோ என்று இழுத்தால் 'அவர் காத்திருந்தார்'. எவர் என்று பயணி திரும்பிப் பார்ப்பார்.

கேள்வி: 'படிக்கிறேன்' எஸ்தூதியொ, 'அனுப்புகிறேன்' என்பீஒ. இரண்டும் 'இஒ' என்றுதானே முடிகின்றன?
– வாசகி, குன்னூர்

பதில்: இ, உ மெலிந்த உயிர்கள். அ, எ, ஒ பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொண்டு ஓரசையாகிவிடும்: எஸ்-தூ-தியொ. மெலிந்ததன் மேல் சாய்கோடு விழுந்தால் தனி அசை: என்-பீ-ஒ. மூல வினையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எஸ்-து-தியார், என்-பியார் இரண்டுக்கும் ஒரே முகம். எனவே புது வினையை 'நான்' வடிவத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வலிய உயிர் இரண்டு வந்தால் எப்போதும் தனித்தனி: லெ-ஏர் (வாசிக்க). உடம்படுமெய்ப் பழக்கத்தில் 'லெயேர்' என்று யகரத்தை நுழைத்துவிடாதீர்கள்.