டாட்டூ தாள் இல்லாத ஸ்பைடர்மேன்

கேள்வி: 1983 மார்ச் மாத 'அமேசிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸின் 238ஆம் இதழ் இணையத்தில் விலைக்கு வந்திருக்கிறது. அட்டை பளிச்சென்று இருக்கிறது. "டாட்டூ தாள் மட்டும் இல்லை, அது வெறும் விளம்பரம்தானே" என்கிறார் விற்பவர். முழு விலை கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஸ்பைடர்மேனின் வில்லன் ஹாப்காப்ளின் முதன்முதலாக வரும் இதழ் இது. அதனால்தான் இவ்வளவு கிராக்கி. தோலில் ஒட்டிக்கொள்ளும் டாட்டூ தாள் இதழோடு சேர்ந்தே கடைக்கு வந்தது. பிள்ளைகள் பிரித்து ஒட்டிக்கொண்டார்கள். அதனால் தாளோடு இருக்கும் பிரதிக்கு விலை அதிகம். தாள் போனால் கதை குறையாது, ஆனால் இதழ் முழுமையாகாது. தரம் பார்த்து முத்திரையிடும் சிஜிசி நிறுவனமும் அப்படிப்பட்ட பிரதிக்குக் குறையைக் குறிப்பிட்டுப் பச்சை லேபிள் ஒட்டுவது வழக்கம்.

எக்ஸ்-மென் நாயகன் உல்வரின் முழுமையாக அறிமுகமாகும் 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழின் (1974 நவம்பர்) கதை இதைவிட வேதனையானது. வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாம்ப் அச்சிட்டு, வெட்டிச் சேகரிக்கச் சொன்னதே இதழை வெளியிட்ட மார்வெல் நிறுவனம்தான். சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைகளின் பிரதிகள் இன்று மதிப்பில் பெரும்பகுதியை இழந்து நிற்கின்றன. அந்த இதழை வாங்கப் போனால் அட்டைப் படத்தைவிடக் கடிதப் பக்கத்தின் படத்தை முதலில் கேளுங்கள்.

ஆனால் இதழோடு வரும் எல்லா இணைப்புத் தாளுக்கும் இது பொருந்தாது. எழுபது, எண்பதுகளில் அமெரிக்க ராணுவ முகாம்களுக்குப் போன பிரதிகள் சிலவற்றின் நடுவே மார்க் ஜுவல்லர்ஸ் நகை விளம்பரம், கெட்டித் தாளில் நான்கு பக்கம், இருக்கும். எல்லாப் பிரதியிலும் அது வந்ததில்லை. ஆகவே இல்லாவிட்டால் குறையில்லை. இருந்தால் அபூர்வம் என்று கூடுதல் விலை கேட்பார்கள். இணைப்பு விளம்பரமா இல்லையா என்பதைப் பார்க்காதீர்கள். எல்லாப் பிரதியிலும் வந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்று. கிழிந்த பிரதியிலிருந்து டாட்டூ தாளை உருவி நல்ல பிரதியில் செருகி விற்பதும் நடக்கிறது. நடுப்பக்கத்தை விரித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டேப்பிள் போட்ட இடத்தில் கூடுதல் துளைகள் இருக்கின்றனவா, தாளின் பழுப்பும் மற்ற பக்கங்களின் பழுப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாற்றிச் செருகியது என்று சொல்லி விற்றால் பரவாயில்லை, மறைத்து விற்பது ஏமாற்று.

படிக்க மட்டும்தான் என்றால் இந்தப் பிரதி தாராளமாகப் போதும். அதே தரத்தில் தாளில்லாத பிரதிகள் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, அந்த விலையைச் சொல்லிக் கேளுங்கள்.