பிறகு என்ன ஆயிற்று?

அன்புள்ள ஐயா,

நான் பதினெட்டு ஆண்டுகளாக மிஷிகனில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கிரிக்கெட் பைத்தியமாக வந்தவன், இப்போது பேஸ்பால் பைத்தியம். டெட்ராய்ட் டைகர்ஸ் ஆட்டம் என்றால் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

என் அலுவலகத்தில் செயின்ட் லூயிஸ்காரர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயது. 1985 வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் ஓர் அம்பயர் தங்கள் கார்டினல்ஸ் அணியின் கோப்பையைப் பறித்துவிட்டார் என்று இன்றும் கொதிக்கிறார். அப்படிப்பட்டவர், படத்தைப் பார்த்து அம்பயரின் தவறைத் திருத்தும் ரீப்ளேயைக் கொண்டாட வேண்டாமா? 2026 முதல், பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து எல்லைக்குள் வந்ததா (ஸ்டிரைக்), வெளியே போனதா (பால்) என்ற முடிவுகளையும் கேமராவிடம் முறையிடலாம் என்று வந்ததும் 'ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று அதற்கும் திட்டுகிறார். இந்த முரண்பாடு எனக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டால் கண் தெரியாத கிழவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு முழுவதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம். 2010ல் எங்கள் டைகர்ஸின் பிட்சர் (பந்து போடுபவர்) அர்மாண்டோ கலராகாவுக்கு அம்பயரால் நடந்த அநியாயத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதைத் திருத்தித் தராமல் விட்டது சரியா? கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறை இதைவிட மேலானதா? ரீப்ளேயால் ஆட்டத்தின் வேகம் கெடுகிறது என்கிறார்களே, அது உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். டி.ஆர்.எஸ். மேலா, பேஸ்பால் ரீப்ளே மேலா என்பது இட்லியா தோசையா என்பதைப் போன்றது; பசியோடு இருப்பவன் கேட்கமாட்டான். வேகமா? சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் செயின்ட் லூயிஸ்காரருக்காக. அவரை எனக்குத் தெரியும். நேரில் அல்ல, வேறு ஊரில், வேறு பெயரில், வேட்டி கட்டிக்கொண்டு இருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

1985 அக்டோபர் 26, கான்சாஸ் சிட்டி. ஏழு ஆட்டத் தொடரில் கார்டினல்ஸ் மூன்று வென்றிருந்தது, ராயல்ஸ் இரண்டு. ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். கார்டினல்ஸ் 1-0 என்று முன்னால் நிற்கிறது. இன்னும் மூன்று பேரை அவுட் ஆக்கினால் கோப்பை. ராயல்ஸின் ஹோர்ஹே ஓர்டா அடித்த பந்து, அவர் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் பக்கம் மெல்ல உருள்கிறது. கார்டினல்ஸின் ஜாக் கிளார்க் அதை எடுத்து, பேஸுக்கு ஓடிவந்த பிட்சர் டாட் வோரலிடம் தட்டிவிடுகிறார். பந்து வந்து சேர்ந்த பிறகுதான் ஓர்டாவின் கால் வருகிறது. அம்பயர் டான் டென்கிங்கர் இரு கைகளையும் விரித்து 'சேஃப்', அதாவது அவுட் இல்லை என்கிறார். தவறு. வாதாட இடமே இல்லாத தவறு.

இதுவரை உங்கள் நண்பர் நூறு முறை சொல்லியிருப்பார். இதற்குப் பிறகு நடந்ததை ஒருமுறையாவது சொன்னாரா?

அடுத்து வந்த ஸ்டீவ் பால்போனி ஒரு பந்தைக் கோட்டுக்கு வெளியே உயரத் தூக்கி அடித்தார். எளிதான கேட்ச். கிளார்க் அதன் கீழே தடுமாறினார், பந்து தரையில் விழுந்தது. பிழைத்துக்கொண்ட பால்போனி அதே வாய்ப்பில் ஒழுங்காக ஒன்று அடித்து முதல் பேஸை அடைந்தார். அதற்கடுத்து ஜிம் சண்ட்பெர்க் பந்தை மெல்லத் தட்டிவிட, கார்டினல்ஸ் அதை மூன்றாவது பேஸுக்கு எறிந்து ஒருவரை அவுட் ஆக்கியது. யாரை? ஓர்டாவை. அம்பயரின் தவறால் தப்பியவர் ரன் எடுக்கவே இல்லை ஐயா! அங்கேயே செத்தார். பிறகு பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் டாரல் போர்ட்டர் ஒரு பந்தைக் கோட்டைவிட, இருந்த இரண்டு ஓட்டக்காரர்களும் ஆளுக்கொரு பேஸ் முன்னே போனார்கள். அடுத்தவரை அடிக்கவிடாமல், வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். டேன் ஓர்ஜ் ஓங்கி அடித்தார். இரண்டு ரன். 2-1.

ஓர்டா அப்போதே அவுட் ஆகியிருந்தால் அந்த இன்னிங்ஸே வேறு மாதிரி போயிருக்கும் என்று உங்கள் நண்பர் சொல்வார். எனக்கும் அந்தக் கணக்கு தெரியும். சரி, அந்த ஆட்டத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். மறுநாள் ஏழாவது ஆட்டம் ஒன்று இருந்ததே? அதில் கார்டினல்ஸ் 11-0 என்று தோற்றது. மேனேஜர் வைட்டி ஹெர்சாக் அம்பயரோடு சண்டை போட்டு வெளியேற்றப்பட்டார். பிட்சர் ஜான் டியூடர் ஆத்திரத்தில் மின்விசிறியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டார். ஏழு ஆட்டத்துக்கும் சேர்த்து அந்த அணியின் பேட்டிங் சராசரி .185. ஐந்து தடவைக்கு ஒரு தடவைகூடப் பந்தை ஒழுங்காக அடிக்கவில்லை என்று பொருள். அதையும் டென்கிங்கர்தான் செய்தாரா?

ஆனால் செயின்ட் லூயிஸின் வானொலிக்காரர்கள் இரண்டு பேர் டென்கிங்கரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒலிபரப்பினார்கள். அயோவாவில் வாட்டர்லூ என்ற ஊரில் இருந்த அவர் குடும்பத்துக்குக் கொலை மிரட்டல்கள் போயின. தவறை அவர் மறுக்கவில்லை. ரீப்ளே வேண்டும் என்று பிற்காலத்தில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 2023ல் அவர் இறந்தபோது இரங்கல் செய்திகள் அந்த ஒரு முடிவைச் சொல்லித்தான் ஆரம்பித்தன. 1969 முதல் 1998 வரை அவர் சரியாகச் சொன்ன ஆயிரக்கணக்கான முடிவுகளை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

இனி வேட்டி கட்டிய செயின்ட் லூயிஸ்காரர்.

என் மூத்த மாமா தஞ்சைப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். இளமையில் பால் பேட்மிண்டன் ஆடியவர். ஒரு கோப்பையின் இறுதி ஆட்டத்தில், மூன்றாவது செட்டில், 24-26 என்று இருக்கும்போது அவர் அடித்த பந்து சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்தது. கோட்டருகே நின்ற டிரில் மாஸ்டர் அவுட் என்று கையைக் காட்டிவிட்டார். மஞ்சள் கம்பளிப் பந்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததாம். மாமா அதை எடுத்துக்கொண்டு போய் டிரில் மாஸ்டரின் மூக்குக்கு நேராக நீட்டினாராம். இந்தக் கதையைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கல்யாண வீட்டுத் திண்ணையிலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பந்தில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடும். கதை அந்த மூக்கோடு முடிந்துவிடும்.

பதினொரு வயதில் ஒருநாள் நான் கேட்டேன்: 'பிறகு என்ன ஆயிற்று மாமா?'

கன்னத்தில் அறைந்தார். என் வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான்.

அந்த டிரில் மாஸ்டர் வேலை பார்த்த பள்ளியில் மாமா தன் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளிக்கு நடந்தே போனார்கள் என் மாமா பிள்ளைகள், ஒரு பந்துக்காக. கடைத்தெருவில் அந்த மனிதர் எதிரே வந்தால் மாமா மறுபுறம் போய்விடுவார். மாமா இறந்த அன்று அவரோடு அணியில் ஆடிய பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். 'பிறகு என்ன? உங்கள் மாமா கோபத்தில் இரண்டு சர்வீஸை வலையில் அடித்தார். அவர்கள் வரிசையாகப் புள்ளி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் செட்டிலேயே எங்களை விழுங்கியிருக்க வேண்டியவர்கள்' என்றார் அமைதியாக, காப்பியை ஆற்றியபடி.

எனக்குக் கோபம் வரவில்லை. அரிசி ஆலையில் நாற்பது ஆண்டு மூட்டைக் கணக்கு எழுதியவரிடம் அந்தச் சுண்ணாம்பை விட்டால் வேறு என்ன இருந்தது? கோப்பையை இழந்தவராக ஊரில் நடமாடுவது வேறு, பறிகொடுத்தவராக நடமாடுவது வேறு. உங்கள் நண்பருக்கு ரீப்ளே ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டீர்களே. பறிகொடுத்தவனைப் பிடித்துக் கொண்டுவந்து 'நீ வெறுமனே தோற்றாய்' என்று பெரிய திரையில் போட்டுக் காட்டுகிற கருவி அது. எப்படிப் பிடிக்கும்?

ஆனால் ஒன்று, ஆர். 'கண் தெரியாத கிழவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உங்கள் மகள் படிக்கும்படி வைத்துவிடாதீர்கள். முதல் பேஸில் நிற்கும் அம்பயர் காலைக் கண்ணாலும், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதாலும் ஒரே நொடியில் பிடிக்க வேண்டும். நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு, நான்கு கோணத்தில், மெதுவாக ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு அவரைக் குருடர் என்கிறீர்கள். உங்கள் மென்பொருளில் பிழை வந்தால் மறுநாள் ஒரு திருத்தம் அனுப்புவீர்கள். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று ஊளையிடுகிறார்களா?

அதிலும் கலராகாவின் பெயரைச் சொல்லி இதை எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2010 ஜூன் 2 அன்று நீங்கள் அங்கே இருந்ததாகச் சொல்கிறீர்கள். பாதியில் எழுந்து போய்விட்டீர்களா? கலராகா வரிசையாக 26 பேரை அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவர் அவுட் ஆனால், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் ஏறவிடாத பெர்ஃபெக்ட் கேம். ஒரு நூற்றாண்டுக்கு மேலான வரலாற்றில் அதற்கு முன் இருபதுதான் இருந்தன. 27வது ஆள் ஜேசன் டொனால்ட். மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகாவே பேஸில் வாங்கினார். டொனால்ட் தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். கலராகா புன்னகைத்தார். அவ்வளவுதான். திரும்பிப் போய் பந்து போடும் மேட்டில் ஏறி, அடுத்த ஆளுக்குப் பந்து போட்டு அவரை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். மொத்தம் 88 பந்துகள்.

பிறகு என்ன ஆயிற்று என்று இவரிடம் கேட்கலாம். இவர் அறைய மாட்டார். ஜாய்ஸ் உள்ளே போய்ப் படத்தைப் பார்த்தார், உடைந்து போனார், கலராகாவைச் சந்தித்துக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அவர் ஹோம் பிளேட்டில், பேட்டருக்குப் பின்னால், நிற்க வேண்டிய முறை. விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், மறுத்துவிட்டார். அணியின் ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தது கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெட்ராய்ட் ரசிகர்கள் கை தட்டினார்கள். அதே மாதத்தில் ஆட்டக்காரர்களிடம் ரகசியமாக எடுத்த ஒரு கருத்துக் கணிப்பில் சிறந்த அம்பயர் யார் என்றதற்கு வந்த பெயர் ஜிம் ஜாய்ஸ். உங்கள் குருட்டுக் கிழவர் அவர்தான்.

இதைச் சொன்னதும் சிலர், 'அந்தத் தவறுதான் ஆட்டத்தை அழகாக்கியது' என்று உருக ஆரம்பிப்பார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்காது. அடுத்தவன் பறிகொடுத்ததில் அழகு பார்ப்பது சுலபம். கலராகா புன்னகைத்தார் என்பதால் வலிக்கவில்லை என்று ஆகுமா? பத்து ஆண்டுகள் கழித்து, 2020ல், அந்த ஆட்டத்தைப் பெர்ஃபெக்ட் கேம் என்று அங்கீகரித்தால் நன்றாக இருக்கும் என்று அவரே சொன்னார். அன்று பேஸ்பால் ஆணையர் பட் செலிக் முடிவை மாற்ற மறுத்தபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. இப்போது படவில்லை. 1985ல் டென்கிங்கரின் தவறைத் திருத்தினால் அதற்குப் பின்னால் நடந்த அத்தனையும் கலைந்துவிடும். இங்கே கலைய என்ன இருக்கிறது? டொனால்டின் பெயரில் ஒரு ஹிட், அடுத்தவர் ஆடிய ஒரு வாய்ப்பு. கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆகவே நான் ரீப்ளேயின் கட்சிதான். 2008ல் ஹோம் ரன்னுக்கு மட்டும் வந்தது, 2014ல் பேஸ்களுக்கும் வந்தது, நியூயார்க்கில் ஓர் அறையில் உட்கார்ந்து படம் பார்த்துச் சொல்கிறார்கள்; நல்லது. ஸ்டிரைக் விஷயத்தில் மட்டும் சின்ன உறுத்தல். விதிப்புத்தகம் அந்த எல்லையை ஆட்டக்காரர் மட்டையோடு நிற்கும் நிலையை வைத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள குழிவிலிருந்து சொல்கிறது. கேமராவுக்கு அது சரிப்படவில்லை. ஆகவே நிற்கும் ஆளின் உயரத்தில் 27 சதவீதத்திலிருந்து 53.5 சதவீதம் வரை என்று மாற்றிக்கொண்டார்கள். சட்டத்தைச் சரியாகப் பார்க்க வந்த கருவிக்காகச் சட்டத்தையே கொஞ்சம் வளைத்தார்கள். போகட்டும்.

உங்கள் நண்பருக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. புதிய முறையில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு முறையீடுகள். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர்தான், உடனே, தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். பொய்த்தால் ஒன்று போய்விடும். அப்படியானால் இரண்டாம் இன்னிங்ஸிலேயே இரண்டையும் தொலைத்த கேட்சர் ஒருவர் நிச்சயம் கிடைப்பார். 2019ல் ஹெடிங்லியில் ஆஸ்திரேலியா கடைசி ரிவ்யூவை வீணடித்துவிட்டு, பென் ஸ்டோக்ஸுக்கு எல்.பி.டபிள்யூ. தர அம்பயர் மறுத்தபோது கேட்க வழியில்லாமல் நின்றதே, அதைப் போல. 'இவரால்தான் தோற்றோம்' என்று கை காட்ட ஆள் இல்லாமல் போகாது.

ஒருநாள் மதிய உணவின்போது அவரிடம் பால்போனி தூக்கி அடித்த அந்தப் பந்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.