600 என்ற எண்ணை நம்பி பெட்ஷீட் வாங்காதீர்கள்

கேள்வி: ஆன்லைனில் "100% காட்டன், 600 த்ரெட் கவுண்ட், கிங் சைஸ்" என்று போட்டிருந்த பெட்ஷீட்டை, இரண்டு தலையணை உறையோடு சேர்த்து 699 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு தடவை துவைப்பதற்குள் துணி முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள். படுத்தால் புழுங்குகிறது. எங்கள் மெத்தை 72க்கு 78 அங்குலம், உயரம் 8 அங்குலம். ஓரத்தைச் செருகி விட்டாலும் காலையில் விரிப்பு நடுவில் சுருண்டு கிடக்கிறது. அடுத்து 1000 கவுண்ட் வாங்கினால் சரியாக இருக்குமா? விடுதியில் படிக்கும் மகனுக்கும் ஒன்று வாங்க வேண்டும்.

பதில்: 1000 கவுண்ட் வாங்காதீர்கள். நீங்கள் ஏமாந்ததே அந்த எண்ணால்தான். அது பெரிதாகப் பெரிதாக ஏமாற்று வேலையும் பெரிதாகும்.

த்ரெட் கவுண்ட் என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் எண்ணிக் கூட்டிய கணக்கு. அவ்வளவுதான். நம் ஊரில் நல்ல பெட்ஷீட்டுக்கு வழக்கமாகப் போடும் 40-ஆம் நம்பர் பருத்தி நூலில் 180 முதல் 210 வரை வரும். அதைவிட மெல்லிய 60-ஆம் நம்பர் நூலில் நெய்தால் 250, 300. நூலுக்கு நம்பர் கூடக் கூட இழை மெலிசு என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 40-ஆம் நம்பர் நூலிலேயே 600 இழையைத் திணித்தால் துணி ஜீன்ஸ் கனத்துக்கு வந்துவிடும். யாராலும் போட்டுப் படுக்க முடியாது.

அப்படியானால் அட்டையில் 600 எங்கிருந்து வந்தது? மூன்று நான்கு மெல்லிய இழைகளைச் சேர்த்து ஒரே ஊடையாக ஓட்டுவார்கள். துணியில் அது ஒரு வரிதான். அட்டை அடிக்கும்போது மட்டும் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணிவிடுவார்கள். 200 சுலபமாக 600 ஆகிவிடும். இப்படி எண்ணுவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதிகாரிகள் 2005-லேயே எழுத்தில் சொல்லிவிட்டார்கள். இங்கே இன்னும் 1000, 1500 என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விலையையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். 108க்கு 108 அங்குல விரிப்பும் இரண்டு உறையும் சாதாரண 200 கவுண்ட் பருத்தியில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். அந்த ஒரு கிலோ பருத்தி நூலுக்கே சுமார் முந்நூறு ரூபாய் ஆகும். அதற்கு மேல் பசை போடும் கூலி, தறிக்கூலி, வெளுப்பு, சாயம், தையல், பெட்டி, லாரி வாடகை, ஆன்லைன் தளத்தின் கமிஷன், வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பவரின் கூலி. எல்லாம் போக 699க்கு யாரும் 600 கவுண்ட் பருத்தியைத் தர முடியாது. உங்களுக்கு வந்தது பருத்தியே இல்லை, பாலியெஸ்டர். கடைக்காரர்கள் மைக்ரோஃபைபர் என்பார்கள். "கிளேஸ் காட்டன்", "காட்டன் ஃபீல்", "சாஃப்ட் காட்டன் டச்" என்ற பெயர்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சரக்குதான். காட்டன் என்ற சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு அலங்காரச் சொல் ஒட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

நீங்கள் சொன்ன உருண்டைகளும் இதற்குச் சாட்சி. பருத்தியிலும் பிசிறு எழும், ஆனால் அந்த இழைக்குப் பலம் குறைவு என்பதால் துவைக்கும்போது உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் இழை அறுந்து விழாது, பிசிறை உருட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கும். புழுக்கமும் அதனால்தான். வியர்வையை அது உறிஞ்சாது.

சந்தேகம் தீர வீட்டிலேயே பார்த்துவிடலாம். பெட்ஷீட்டின் ஓரத்தை லேசாகப் பிரித்து ஒரு நூலை உருவுங்கள். இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், விரலால் தேய்த்தால் சாம்பல் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் நெருப்பைக் கண்டதும் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பாக ஒரு கடினமான மணி நிற்கும். ஆறிய பிறகு நகத்தால் அழுத்தினாலும் உடையாது.

இதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது, இதை மட்டும் மறக்காதீர்கள். பாவுக்குப் பருத்தியும் ஊடைக்கு பாலியெஸ்டரும் போட்டு நெய்த துணிகள் உண்டு. விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே நூலை உருவி எரித்துக் காட்டுவார், சாம்பல் பொடியாகும், நீங்களும் நம்பி வாங்கிவிடுவீர்கள். அவர் உருவியது பாவு நூல். நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என்று இரண்டையும் எரித்துப் பார்க்க வேண்டும். "இந்தப் பக்கமும் ஒன்று உருவுங்களேன்" என்று கேட்டதும் பேச்சை மாற்றுகிற வியாபாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலிலும், கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சியிலும், பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டும் வந்து "கரூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று விற்பவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். கரூரில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு உண்டு, நல்ல சரக்கும் உண்டு. ஆனால் தெருத் தெருவாக வந்து குவிகிற அளவுக்கு மிஞ்சினால் அந்த ஊரில் ஒரு கம்பெனியும் பிழைக்க முடியாது. உண்மையான ஏற்றுமதி மிச்சம் என்றால் அளவு அந்த நாட்டுக் கட்டிலுக்கு இருக்கும். அமெரிக்க கிங் மெத்தை 76க்கு 80 அங்குலம், அதற்குத் தைத்த எலாஸ்டிக் விரிப்பு உங்கள் 72 அங்குல மெத்தையில் தொளதொள என்று நிற்கும். உங்கள் மெத்தைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்றால் அது உள்ளூர்ச் சந்தைக்கென்றே தைத்தது. இவர்கள் பாலித்தீன் உறையைப் பிரிக்கவும் விடமாட்டார்கள். பிரித்துக் காட்டாத துணியை வாங்காதீர்கள், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

இப்போது அளவு. உங்கள் விரிப்பு நழுவுவதற்குத் துணியின் வழுக்கல் பாதிக் காரணம், அளவு மீதிக் காரணம். மெத்தை அகலம் 72, இரண்டு பக்கமும் உயரம் எட்டெட்டு சேர்த்தால் 88. அடியில் செருக ஒரு பக்கத்துக்கு ஆறு அங்குலமாவது வேண்டும், ஆக 100. நீளத்துக்கும் அப்படியே: 78, 16, 12 சேர்த்து 106. "கிங் சைஸ்" என்ற பெயரில் வருவதில் பாதி 90க்கு 100தான். டேப் வைத்து அளந்தால் அதிலும் இரண்டு அங்குலம் குறையும். 88 அங்குல விரிப்பு உங்கள் மெத்தையின் அடி விளிம்பைத் தொட்டு நின்றுவிடும், செருகுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. உங்களுக்கு வேண்டியது 108க்கு 108. நல்ல பருத்தி முதல் இரண்டு மூன்று சலவையில் நூற்றுக்கு மூன்று நான்கு சுருங்கும், அப்போதும் 103க்குக் குறையாது. அகலத்துக்கு அது தாராளம், நீளத்தில் மட்டும் செருகல் ஒரு பக்கத்துக்கு நாலரை அங்குலமாகக் குறையும். கிங், குயின், டபுள் என்ற பெயர்களை விட்டுவிடுங்கள், ஆளுக்கு ஆள் ஒரு அளவைச் சொல்வார்கள். அங்குலத்தைக் கேளுங்கள்.

கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். மடிப்பில் ஒரு பிடியை இரண்டு கையாலும் கசக்கித் தேயுங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அது கஞ்சி. தொளதொளத்த நெசவைக் கனமாகக் காட்டப் போட்டது, முதல் சலவையிலேயே போய்விடும். அப்புறம் துணியைத் திருப்பிப் பாருங்கள். பூப்போட்ட துணியில் பின்பக்கமும் ஓரளவு நிறம் இறங்கியிருந்தால் சாயம் நூலுக்குள் போயிருக்கிறது. முன்பக்கம் பளிச்சென்றும் பின்பக்கம் வெளிறியும் இருந்து, பூ உள்ள இடம் மட்டும் விறைப்பாக இருந்தால் அது மேலே ஒட்டிய பிரிண்ட், மடிப்பு மடிப்பாக வெளுக்கும். அடர்நிறம் என்றால் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். ஒட்டாத சாயத்தை உப்பு ஒட்ட வைக்காது.

நம் வெயிலுக்குச் சாதா நெசவுதான் சரி. ஒன்று மேல், ஒன்று கீழ் என்று போகிற நெசவு. கடையில் பெர்கேல் என்று கேட்டாலும் அதையே எடுத்துப் போடுவார்கள். சாட்டின் நெசவு கண்ணுக்குப் பளபளப்பு, கைக்கு வழவழப்பு. ஆனால் அதில் நூல் நாலைந்து இழைகளைத் தாண்டித் தாண்டி மேலே கிடக்கும், அதனால் கொலுசிலும் நகத்திலும் சிக்கும். காற்றும் அவ்வளவாகப் புகாது. ஏசி அறைக்கு வேண்டுமானால் வாங்குங்கள்.

கைத்தறி விருப்பம் என்றால் ஈரோடு மாவட்டம் சென்னிமலை பெட்ஷீட்டைத் தாராளமாகச் சொல்வேன். இரட்டை முறுக்கு நூலில் நெய்வதால் கனம் இருக்கும், முதலில் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படும், துவைக்கத் துவைக்கப் பதமாகும், பல வருடம் உழைக்கும். ஆனால் "கைத்தறி" என்று கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் வராது. 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரைச் சீட்டு துணியில் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையிலோ வாங்குவது இன்னும் நல்லது, தீபாவளி நேரத்தில் தள்ளுபடியும் கிடைக்கும். சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-ல் சட்டமே போட்டார்கள். அந்த ஒதுக்கீட்டில் பெட்ஷீட் ரகங்களும் உண்டு. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய துணி கைத்தறி என்ற பெயரில் பட்டப்பகலில் கடை கடையாக விலைபோகிறது. எப்போதாவது ஒரு சோதனை, ஒரு அபராதம், மறுவாரம் பழையபடி. இதில் வயிற்றில் அடி விழுவது குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவருக்குத்தான்.

இனி உங்கள் மகன் விஷயம். இவ்வளவு நேரம் பாலியெஸ்டரைத் திட்டியவன், அவனுக்கு மட்டும் கலப்புத் துணியையே சொல்வேன். காரணம் இருக்கிறது. விடுதியில் பையன் பக்கெட்டில் ஊறவைத்துக் கையால் துவைப்பான், அல்லது துவைக்கவே மாட்டான். கனமான பருத்தி விரிப்பு நனைந்தால் அவனால் பிழிய முடியாது. ஐப்பசி மழையில் வராந்தாக் கொடியில் இரண்டு நாள் தொங்கியும் காயாது, ஈர நாற்றம் அடிக்கும், அதையே விரித்துப் படுப்பான். கலப்புத் துணி சீக்கிரம் காயும், சுருக்கம் விழாது. ஆனால் கலப்பிலும் பார்த்து வாங்க வேண்டும். பிசி அல்லது பாலி-காட்டன் என்று வருவதில் பெரும்பாலும் பாலியெஸ்டர் 65, பருத்தி 35. அது வேண்டாம். பருத்தி 60, பாலியெஸ்டர் 40 என்று பருத்திப் பங்கு கூடிய துணியும் வருகிறது, வியாபாரத்தில் அதற்கு சிவிசி என்று பெயர். அதைக் கேளுங்கள். விடுதிக் கட்டில் ஒடுக்கம் என்பதால் 60க்கு 90 போதும். கோடு போட்டதாகவோ அடர்நிறமாகவோ எடுங்கள், அழுக்கு தெரியாது. இரண்டு வாங்குங்கள், ஒன்று கொடியில் இருக்கும்போது ஒன்று கட்டிலில் இருக்கும். தோலில் அரிப்பு, வியர்க்குரு தொல்லை உள்ள பையன் என்றால் மட்டும் கலப்பை விட்டுவிட்டு, மெல்லிய சாதா பருத்தி இரண்டு வாங்கிக் கொடுங்கள்.

கையில் இருக்கும் 699 ரூபாய் விரிப்பைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பொட்டலத்தில் அடைத்து விற்கும் எந்தப் பொருளிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011 விதிகள் சொல்கின்றன. பெட்ஷீட் போன்ற பொருளுக்கு அளவையும் போட வேண்டும். உங்கள் உறையில் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்காது. இதைச் சோதிக்க ஆட்களும் துறையும் உண்டு, ஆனால் ஆன்லைனில் லட்சக்கணக்கில் ஓடும் பொட்டலத்தை எவர் பிரித்துப் பார்க்கிறார்கள்? வாங்கியவர் புகார் கொடுத்தால்தான் கோப்பு நகர்கிறது. அதனால் விளம்பரப் பக்கத்தில் "100% காட்டன்" என்று இருப்பதை இன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். டேப் வைத்து அளந்ததையும், நூலை எரித்த பிறகு நிற்கும் கறுப்பு மணியையும் படம் எடுங்கள். பில்லோடு சேர்த்து முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். திருப்பி எடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்று கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். பொருளின் தன்மையைப் பொய்யாகச் சொல்லி விற்றது என்பதுதான் உங்கள் புகார், "பிடிக்கவில்லை" என்பதல்ல. போனில் பேசும்போதும் அதையே சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.