சான்ரெமோ கடலோரப் பாதைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 61. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இத்தாலியில் பந்தய வீரர்கள் ஓட்டும் சான்ரெமோ கடற்கரைப் பாதையில் இருவரும் சைக்கிள் ஓட்ட விரும்புகிறோம். பயண முகவர், அனுமதிச் சீட்டுக்கும் வழிகாட்டிக்கும் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சான் லொரென்சோ அல் மாரே முதல் ஒஸ்பெதலெத்தி வரை 24 கி.மீ. செல்லும் அந்தப் பாதை எல்லாருக்கும் பொதுவானது. அதில் ஓட்ட எவருடைய அனுமதியும் தேவையில்லை. கடலை ஒட்டியே போகும் பாதையில் வழிகாட்டிக்கும் வேலையில்லை.

முழங்காலைப் பற்றியும் கவலை வேண்டாம். 2001இல் ரயில் தடத்தை மலைக்குள் மாற்றியபோது கைவிடப்பட்ட பழைய இருப்புப்பாதையின் மீதே இது அமைந்திருப்பதால், ஏற்றம் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. 1907 முதல் நடந்துவரும் மிலான்–சான்ரெமோ பந்தயம் இதில் ஓடுவதன்று. வீரர்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் வந்து, சிப்ரெசா, பொஜ்ஜோ என்னும் மேடுகளில் ஏறி இறங்குகிறார்கள். இந்தப் பாதையிலேயே வேறொரு பந்தயம் நடந்ததும் உண்டு: இத்தாலியைப் பல நாள் சுற்றும் ஜிரோ தித்தாலியா பந்தயத்தின் 2015ஆம் ஆண்டு முதல் கட்டம், 17.6 கி.மீ. குழு நேரப்பந்தயம். முகவரின் பயணத் திட்டத்தில் ‘பொஜ்ஜோ’ என்ற பெயர் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், 3.7 கி.மீ. ஏற்றம், சில இடங்களில் 8 விழுக்காடு சரிவு, போதாததற்கு வாகனங்கள். பந்தய வாசனை வேண்டுமானால், ஒஸ்பெதலெத்திக்கு முன்னுள்ள காப்போ நேரோ சுரங்கத்தில் மிலான்–சான்ரெமோ பந்தயத்தின் வரலாறே சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. நிதானமாகப் படித்துக்கொண்டே போகலாம்.

சைக்கிளைச் சான்ரெமோவிலோ ஆர்மா தி தாஜ்ஜாவிலோ வாடகைக்கு எடுங்கள். இருக்கை உயரத்தை மனைவியின் காலுக்கேற்பச் சரிசெய்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கடைக்காரர் முன்பாகவே படமெடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டை மட்டும் பிணையாக விட்டுவராதீர்கள்.

வாடகை சைக்கிளை ரயிலில் ஏற்ற நினைக்க வேண்டாம். பிராந்திய ரயில்களில் அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். அதிலும் கால அட்டவணையில் சைக்கிள் படம் போட்ட ரயில்களில்தான் ஏற்ற முடியும். மடக்கும் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு உண்டு: மடக்கிய நிலையில் அது பயணப் பெட்டியைப் போலக் கருதப்படுவதால் கட்டணமில்லை, ஆனால் மடக்காமல் உருட்டிக்கொண்டு ஏறினால் அது வெறும் சைக்கிள்தான், சீட்டு வேண்டும். கடலோரத்தில் இருந்த நிலையத்தை மலைக்குள் தள்ளிவிட்டு, சான்ரெமோவில் இறங்குபவரை நீண்ட சுரங்க நடைவழியில் நடக்க வைத்த புண்ணியவான்கள், வண்டியோடு வருபவரைக் கொஞ்சமும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முன்பணம் ஏதேனும் கொடுத்துவிட்டிருந்தால், அந்த அனுமதிச் சீட்டை வழங்கும் அலுவலகத்தின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் தருமாறு முகவரிடம் கேளுங்கள்.