எதிர் நாற்காலி

அன்புள்ள சார்,

இந்தியாவில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் எட்டு வருடமாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். போன வருடம் அப்பா இறந்தார். அதிலிருந்து தூக்கம் இல்லை. கிளையன்ட் யாராவது தன் அப்பாவைக் குறை சொன்னால் உள்ளுக்குள் எரிச்சல் வந்தது. இது சரியில்லை என்று பட்டதால் நானே தெரபிக்குப் போகிறேன். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதனால் பெங்களூரில் இருக்கும் ஒருவரிடம் ஆன்லைனில் பேசுகிறேன். வீட்டில் தனிமை கிடைக்காது என்பதால், கடைசி கிளையன்ட் போன பிறகு என் அறையிலேயே, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பேசுவேன்.

பதினொரு செஷன் ஆகிவிட்டது. அவர் வாயைத் திறந்தாலே அது என்ன உத்தி என்று தெரிந்துவிடுகிறது. மனத்துக்குள் மார்க் போடுகிறேன். போன வாரம் அப்பாவின் சாவைக் கோர்வையாக, கேஸ் ஹிஸ்டரி மாதிரிச் சொல்லி முடித்தேன். "ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. தெரபி தெரிந்தவருக்குத் தெரபி வேலை செய்யுமா? கிளையன்ட்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது மோசடியா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். மோசடி இல்லை. பல் டாக்டருக்குப் பல் வலித்தால் இன்னொரு பல் டாக்டரிடம்தான் போயாக வேண்டும். அதை அவர் வாசலில் எழுதி ஒட்டுவதில்லை. தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்கான டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினஹான், 17 வயதில் தான் ஒரு மனநல மருத்துவமனையில் இரண்டு வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்ததை 2011இல்தான் பொதுவில் சொன்னார். அப்போது அவருக்கு 68 வயது. சொன்ன இடம் அதே மருத்துவமனை. அதற்குள் அவருடைய முறையால் எத்தனையோ பேர் பிழைத்திருந்தார்கள். எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சௌகரியம்.

உங்கள் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களுக்கே இந்த விஷயத்தில் தடுமாற்றம் இருந்தது. நோயாளியைச் சோபாவில் படுக்கவைத்துப் பேசவிடும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட், 1897இல் தன்னைத் தானே பகுப்பாய்வு செய்ய உட்கார்ந்தார். அதே வருடம் நவம்பரில் நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில், உண்மையான சுய பகுப்பாய்வு முடியாத காரியம், முடியுமென்றால் நோயே இருக்காது என்று புலம்பினார். ஆனாலும் 1910இல் மற்ற மருத்துவர்களுக்கு அதையேதான் சிபாரிசு செய்தார். 1912இல் கொஞ்சம் இறங்கிவந்து, இன்னொருவரிடம் போவதே நல்லது என்றார். அந்த யோசனைக்கான பெருமையை ஸூரிக் நகரத்துச் சக பகுப்பாய்வாளர்களுக்குக் கொடுத்தார். 80 வயதைக் கடந்த பிறகு, 1937இல், பகுப்பாய்வாளர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி போய்ப் படுக்க வேண்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று எழுதினார். இவ்வளவும் சொன்னவர் கடைசிவரை யாருடைய சோபாவிலும் முறையாகப் படுக்கவில்லை. போதாததற்குத் தன் மகள் அன்னாவுக்குத் தானே பகுப்பாய்வு செய்தார். இன்று யாராவது அப்படிச் செய்தால் தொழிலை விட்டே துரத்திவிடுவார்கள். போஸுக்காவது ஒரு நியாயம் இருந்தது, அன்றைய கல்கத்தாவில் அவர் போய்ப் படுக்க வேறு ஆள் இல்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி. ஹாரி கன்ட்ரிப் என்ற பெயரை நீங்கள் பாடத்தில் படித்திருக்கலாம். அவர் தன்னைப் பற்றியே எழுதிய, 1975இல் வெளியான கட்டுரையைப் படித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே தேடிப் படியுங்கள்.

கன்ட்ரிப் லீட்ஸ் நகரத்தில் தெரபிஸ்ட். மூன்றரை வயதில், குட்டித் தம்பி பெர்சி அம்மாவின் மடியில் இறந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டு, "அவனை விடாதே, விட்டால் திரும்பக் கிடைக்க மாட்டான்" என்று கத்தினாராம். பிறகு அவரே சாகக் கிடந்து பிழைத்தார். இதெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தன் நினைவில் ஒரு துளிகூட இல்லை. அதைத் தேடித்தான் எடின்பரோவுக்கு, ஃபேர்பேர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளரிடம் போனார். 1950களில் ஆயிரம் செஷனுக்கு மேல். பிறகு 1960களில் லண்டனில் வினிகாட் என்ற இன்னொரு பகுப்பாய்வாளரிடம் சுமார் 150. இரண்டு பேருமே அந்தத் துறையின் மலைகள். நினைவு திரும்பவில்லை.

அந்த ஆயிரம் செஷனில் என்ன நடந்தது என்பதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. செஷன் முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கோட்பாடு பேசுவார்கள். ஃபேர்பேர்ன் மனிதராகத் தெரிந்தது அப்போதுதான் என்கிறார் கன்ட்ரிப். செஷனுக்குள் அவர் துல்லியமாக விளக்கம் சொல்லும் ஆள், அவ்வளவுதான். கன்ட்ரிப்போ விடாமல் குறிப்பெடுக்கிறவர். கற்பனை செய்து பாருங்கள், ஒருவர் தன் துக்கத்தை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து, அதைப் பற்றி ஒரு சக அறிஞரோடு உரையாடுகிறார். அப்புறம் துக்கம் எதற்கு வெளியே வரப்போகிறது?

வினிகாட் வேறு மாதிரி. முதல் செஷனிலேயே, "சொல்வதற்கு இன்னும் எதுவும் இல்லை, ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் நான் இங்கே இல்லை என்று உங்களுக்குத் தோன்ற ஆரம்பிக்கலாம்" என்றாராம். இதில் என்ன உத்தி இருக்கிறது என்று மார்க் போடுவீர்கள்? எனக்கு இது மிகப் பிடித்த இடம்.

1971இல் வினிகாட் இறந்த செய்தி வந்த இரவு கன்ட்ரிப்புக்கு ஒரு கனவு. கறுத்து, அசையாமல், இவரைப் பார்க்காமலே வெறித்திருக்கும் அம்மா. அடுத்த இரண்டு மாதம் கனவுகள் வரிசையாக வந்தன. கடைசியில் பெர்சியே வந்தான், முகமும் கைகளும் இல்லாத ஒரு பெண்ணின் மடியில். இவர் அவனைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார். எழுபது வயதில் அந்தக் காட்சி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அப்போது இரண்டு ஆசான்களுமே உயிரோடு இல்லை. ஆனால் வினிகாட் உள்ளே வந்து தங்கிவிட்டதால்தான் அதைத் தாங்க முடிந்தது என்று அவர் நம்பினார். நானும் நம்புகிறேன்.

தெரபி தெரிந்திருப்பது தடை இல்லை. தொழில் வார்த்தைகள் ஒளிந்துகொள்ள வசதியான இடம், அதுதான் சிக்கல். எனக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அம்மாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தபோது, அந்தப் பெட்டியின் மோட்டார் சத்தத்தை எப்படி எழுதலாம் என்று என் மனம் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று விதமாக மாற்றிக்கூடப் பார்த்தேன். பக்கத்தில் தங்கை அழுதுகொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை இன்றுவரை எழுதவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு மளிகைக் கடையில் ஐஸ்கிரீம் பெட்டியின் சத்தம் கேட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்து நின்றேன். அழுதேனா என்று கேட்காதீர்கள், அழுவதுதான் மதிப்பெண் என்று ஆகிவிடக் கூடாது.

நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். மார்க் போடுவது, கேஸ் ஹிஸ்டரி, வெட்கம், எல்லாவற்றையும். "தெளிவாச் சொன்னீங்க" என்று அவர் சொன்னது பாராட்டு என்று எனக்குத் தோன்றவில்லை, கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பெங்களூரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அதே ஊரில், அதே வட்டத்தில் போயிருந்தால் நீங்களும் செஷன் முடிந்து கோட்பாடு பேசியிருப்பீர்கள்.

இன்னொன்று. ஃபேர்பேர்ன் பெரிய மேஜைக்குப் பின்னால் முதுகுப் பக்கம் உயர்ந்த நாற்காலியில் உட்காருவார். நோயாளி படுக்கும் சோபாவின் தலைமாடு அந்த மேஜையை ஒட்டி இருக்கும். மேஜைக்கு மேலே கையை நீட்டித் தன் தலையில் ஒரு போடு போட்டுவிடுவாரோ என்றுகூட கன்ட்ரிப்புக்குத் தோன்றியிருக்கிறது. வெகுநாள் கழித்துத்தான் கவனித்தார், மேஜைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன சோபா இருந்தது. அங்கே உட்காரக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை. தலைமாட்டு இடத்தை அவரேதான் தேர்ந்தெடுத்திருந்தார்.

உங்கள் அறையில் கிளையன்ட்கள் உட்காரும் நாற்காலி ஒன்று இருக்குமே. அடுத்த செஷனுக்கு லேப்டாப்பைத் திருப்பி வைத்துவிட்டு அதில் உட்காருங்கள்.