கடமைக்காக இல்லாமல், மனதார விரும்பும் இலக்குகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

‘எனக்கு அது வேண்டும்’ என்றால் ஆசை. ‘நான் அதைச் செய்ய வேண்டும்’ என்றால் கட்டாயம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால்தானோ என்னவோ, புத்தாண்டுப் பட்டியலில் எல்லா வரியும் ‘வேண்டும்’ என்று முடியும்போது எது எந்த வகை என்று நமக்கே தெரிவதில்லை.

என் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. எடை குறைக்க வேண்டும், கோடிங் கற்க வேண்டும், மாதம் நான்கு புத்தகம் படிக்க வேண்டும். ஒரு வருடம் ‘வேண்டும்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘ஆசையாக இருக்கிறது’ என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். ‘கோடிங் கற்க ஆசையாக இருக்கிறது’ என்ற வரியைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நண்பர்கள் எல்லாரும் கற்றுவிட்டார்களே என்ற பயம்தான் அது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இதைத் தனி வகையாகவே பிரித்திருக்கிறார்கள்: வெளியே யாரும் விரட்டாதபோதும் குற்ற உணர்ச்சியாலும் வெட்கத்தாலும் நம்மை நாமே விரட்டிக்கொள்வது. பார்க்க சொந்த விருப்பம் மாதிரியே இருக்கும்.

அதற்காக, ‘ஆசை’ என்று எழுத முடியாததையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழங்கால் வலிக்குச் செய்யும் பயிற்சி எனக்குத் துளியும் பிடிக்காது. ஆனால் வலியில்லாமல் படியேற ரொம்ப ஆசை. ‘எதற்காக?’ என்று கேட்டால் ஓர் ஆசை எட்டிப் பார்க்கிறது என்றால் அந்த இலக்கு நம்முடையதுதான். ஆசைக்குப் பதில் யாரோ ஒருவரின் முகம் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். (அந்த முகத்தின் மேல் பயமா, பிரியமா என்பதையும் சேர்த்துத்தான்.)

அப்புறம், வேடிக்கை என்னவென்றால், படம் வரைவது என் பட்டியலிலேயே இல்லை. போன் பேசும்போதெல்லாம் கிடைத்த தாளில் கிறுக்குகிறவன் நான்! உடனே ‘தினமும் ஒரு படம்’ என்று இலக்கு வைத்தேன். பத்தே நாளில் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரைவதில் ஆர்வமுள்ள சின்னக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்திருந்தது. அதைப் படித்ததும் நாள் கணக்கை விட்டுவிட்டேன்.

இப்போது தாளும் பென்சிலும் சும்மா மேசையில் கிடக்கின்றன. போன வாரம் மூன்று நாள் தொடவே இல்லை. நான்காம் நாள், சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.