டப்ளின் மருத்துவமனைகள்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டரம்மாவின் பதில்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்து மருத்துவமனைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிரசவக் காய்ச்சலுக்கு முதலில் வழி கண்டவர் வியன்னாவின் செம்மல்வைஸ் என்றுதான் படித்திருக்கிறேன். அவருக்கு முன்பே டப்ளினில் அதை நிறுத்திக் காட்டினார்கள் என்கிறீர்களே, எப்படி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: செம்மல்வைஸ் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னது 1847-இல். டப்ளினின் ரொட்டண்டா பிரசவ மருத்துவமனையில் ராபர்ட் காலின்ஸ் அந்தக் காய்ச்சலை விரட்டியது 1829-இல். ஆனால் இருவரும் செய்தது ஒரே காரியம் இல்லை. செம்மல்வைஸுக்கு மருத்துவர்களின் கை மேல் சந்தேகம். காலின்ஸுக்கு வார்டின் மேல் சந்தேகம்.

ரொட்டண்டாவில் தலைமை மருத்துவரை மாஸ்டர் என்பார்கள். பதவிக்காலம் ஏழு வருடம். காலின்ஸ் 1826-இல் மாஸ்டர் ஆனார். அவர் வந்த புதிதில் பிள்ளை பெற்ற பெண்கள் காய்ச்சல் கண்டு அடுத்தடுத்து இறந்தார்கள். கிருமிதான் காரணம் என்று சொல்ல அன்று ஆளில்லை.

அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு வார்டாக எடுத்துக்கொண்டு, கதவு, ஜன்னல், கணப்பின் வாய் எல்லாவற்றையும் மூடி, 48 மணி நேரம் அடர்த்தியான குளோரின் வாயுவை நிரப்பினார். அப்புறம் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் பாலாடைப் பதத்துக்குக் குழைத்துத் தரையிலும் மரச்சாமான்களிலும் பூசி, இன்னொரு 48 மணி நேரம் துடைக்காமல் விட்டார். அதன்பின் மரத்துக்குப் பெயின்ட், சுவருக்கும் கூரைக்கும் புதுச் சுண்ணாம்பு. கம்பளிகளில் பெரும்பாலானவற்றைத் தேய்த்துத் துவைத்து, எல்லாவற்றையும் 120 முதல் 130 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் காயவைத்தார்.

வாழ்நாளெல்லாம் பிரசவ வார்டில் கழித்தவள் நான். ஒரு வார்டை நாலு நாள் காலியாக வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிரசவ வலி வார்டு தயாராகும்வரை காத்திருக்காது. அந்த மனிதர் வார்டு வார்டாக அதைச் செய்து முடித்திருக்கிறார்.

பலன்? அந்த வேலை முடிந்ததிலிருந்து 1833-இல் பதவி முடியும்வரை பிரசவக் காய்ச்சலால் ஒரு பெண்கூட அங்கே இறக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் வந்தவர்கள் 10,785 பேர். எல்லாக் காரணங்களும் சேர்த்து இறந்தவர்கள் 58 பேர், அதாவது சுமார் 186-க்கு ஒருவர். 1835-இல் இவ்வளவையும் புத்தகமாகவும் போட்டார். அப்படியிருந்தும் பிற்காலத்தில் அதே மருத்துவமனையில் காய்ச்சல் மறுபடி தலைகாட்டியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: மயக்க மருந்து அயர்லாந்துக்கு எப்போது வந்தது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 1847 புத்தாண்டு அன்று. பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டியது 1846 அக்டோபர் 16. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த ஜான் மக்டொனல், டப்ளின் ரிச்மண்ட் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். அப்போது அவர் வார்டில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். முழங்கை மூட்டில் முள் ஏறிச் சீழ்பிடித்து, கையை எடுத்தே தீர வேண்டும் என்ற நிலை. மக்டொனல் அறுவையைத் தள்ளிவைத்துவிட்டு, ஈதர் கொடுக்கக் கருவி ஒன்றைத் தயார் செய்து, முதலில் தானே முகர்ந்து பலமுறை மயங்கிப் பார்த்தார். அப்புறம்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து ஜனவரி 1 அன்று கையை அகற்றினார். ஒரு நாள் முந்தியிருந்தால் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, அவள் நினைவோடு அதைத் தாங்கியிருப்பாள்.

கேள்வி: ஊசி போட்டு மருந்து ஏற்றியது முதலில் யார்? பிரவாஸ் என்கிறார்களே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: லியோனின் பிரவாஸ், எடின்பரோவின் அலெக்சாண்டர் உட் இருவரும் 1853. டப்ளின் மீத் மருத்துவமனையின் பிரான்சிஸ் ரிண்ட் 1844 ஜூன் 3 அன்றே தோலுக்கடியில் மருந்து செலுத்திவிட்டார். நோயாளி 59 வயதுப் பெண்மணி, இடது முகம் முழுக்க நரம்பு வலி. 15 கிரெய்ன் மார்ஃபினைக் கிரியோசோட் என்ற மரத்தார் எண்ணெயில் கரைத்து, நாலு இடத்தில் குத்தி இறக்கினார். ஒரு நிமிடத்தில் வலி நின்றது, பல மாதங்களாக இல்லாத தூக்கம் அன்று இரவு வந்தது என்று குறிப்பு எழுதியிருக்கிறார். 15 கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிராம், இன்றைக்குக் கேட்டாலே பதறும் அளவு. அவர் கருவியில் தள்ளுகோல் கிடையாது. மருந்து தன் எடையிலேயே குழாய் வழியாக இறங்கியது. சிரிஞ்ச் என்று கேட்டால் பிரவாஸ், உட் பெயரைச் சொல்லுங்கள். தோலுக்கடியில் ஊசி என்றால் ரிண்ட்.

கேள்வி: காய்ச்சல்காரர்களைப் பட்டினி போடுவது தவறு என்று சொன்னவரும் டப்ளின்காரர்தானா? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஆமாம், அதே மீத் மருத்துவமனையின் ராபர்ட் கிரேவ்ஸ். ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, பட்டினி போடுவது என்று இருந்த காலத்தில், டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சல் (டைஃபாய்டு வேறு) கண்ட நோயாளிக்கு ஆகாரம் கொடுங்கள் என்றார். காய்ச்சல்காரர்களுக்குச் சோறு போட்டவன் என்று தன் கல்லறையில் எழுதினால் போதும் என்று அவர் சொன்னதாகச் சக மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் பதிவு செய்திருக்கிறார். டைஃபஸ் பேனால் பரவுகிறது என்று தெரிந்தது 1909-இல்தான். அதுவரை மருத்துவர்களும் அதில் விழுந்தார்கள். ஸ்டோக்ஸே 1827-இல் அந்தக் காய்ச்சலில் படுத்துப் பிழைத்தவர்.

கேள்வி: மகள் டப்ளினில் நர்ஸாக இருக்கிறாள். கோடையில் போகிறோம். இவற்றில் எதைப் பார்க்கலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ரொட்டண்டா இன்றும் அதே இடத்தில் பிரசவம் பார்க்கிறது. உள்ளே உள்ள சிற்றாலயத்தின் சுதைவேலைக் கூரை மிக அழகு. ஆனால் நடப்பு மருத்துவமனை, முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மீத் 1998-இல் பழைய கட்டடத்தை விட்டு டப்ளின் புறநகரான தாலாவுக்குப் போய்விட்டது. கில்டேர் தெருவில் மருத்துவர்களின் ராயல் காலேஜில் கிரேவ்ஸுக்கும் ஸ்டோக்ஸுக்கும் சிலை இருக்கிறது. காலின்ஸைத் தேடுகிறீர்கள் என்றால் ரொட்டண்டாவுக்கே போங்கள்.